பாவாவைத் தேடிப் பினாங்குக்கு

நான் பஸ் டிரைவர். திருத்தணிக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் ஓட்டுகிறேன். மெட்ராஸுக்கே நாலைந்து முறைதான் போயிருக்கிறேன். எமர்ஜென்சி முடிந்த வருஷம் கப்பலேறிப் பினாங்குக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. அக்கா புருஷனைத் தேடிப் போனேன். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவோம். தெலுங்கிலிருந்து வந்த வார்த்தை என்பார்கள். எங்களுக்கு அது தமிழா தெலுங்கா என்று யோசிக்கத் தோன்றியதில்லை.

பாவா பெயர் மாசிலாமணி. பேட்டையில் நெசவு வீட்டுப் பிள்ளை. அங்கே நெய்கிற கைலி பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் போகும். கைலி மேல் ஒட்டும் லேபிளில் அரபி எழுத்து இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டாராம். ஒட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. நூல் கொண்டுவரும் பாய் ஒருவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். லேபிளில் இருந்தது 'சாயம் போகாது' என்பதுதான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மெட்ராஸுக்குப் போய் அரபி படித்து எம்.ஏ. வாங்கினார். அப்புறம் டாக்டர் பட்டம். "ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்று எங்கள் நைனா, அதாவது அப்பா, சொல்வார்.

சூஃபி என்கிற ஞானிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஷரியத் சட்டம் இந்தக் காலத்துக் கோர்ட்டில் எப்படி நடக்கிறது என்று இன்னொன்று. இரண்டும் இங்கிலீஷ். வீட்டில் யாரும் படிக்கவில்லை. அக்கா வாரம் ஒரு தடவை அட்டையைத் துடைத்து வைப்பாள். ஊரில் அவருக்குத் துலுக்கப் படிப்பு படிச்சவன் என்று பெயர். இங்கே வேலை அமையவில்லை. பினாங்கில் ஒரு கல்லூரியில் அமைந்தது. போனார். அக்காவை ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்றார். மாதம் ஒரு கடுதாசி வந்தது. ஐந்து வருஷம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அக்காவுக்கு முப்பத்து நாலு. பிள்ளை இல்லை. பேட்டையில் பவர்லூம் வைத்திருப்பவர் ஒருவர், பெண்சாதி செத்துப்போனவர், அக்காவைக் கேட்டு ஆள் விட்டிருந்தார். நல்ல மனிதர். நைனாவுக்குச் சம்மதம். பெரியவர்கள் உட்கார்ந்து பழைய தாலியைத் தீர்த்துவிடலாம் என்றார்கள். அக்கா ஒன்று சொன்னாள்.

"ஆளு கீறாரா இல்லியான்னு எனக்குத் தெரியணும். கீறாருன்னா கூட்டிகினு வா. வரமாட்டேன்னா அவரு கையால எழுதி வாங்கிகினு வா. இல்லவே இல்லன்னா அதையும் வந்து சொல்லு. அப்பறம் நீங்க கைகாட்ற ஆளுக்குக் கழுத்த நீட்றேன்."

கப்பலில் முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களை நிறைய திட்டியிருக்கிறேன். இனி திட்டக் கூடாது என்று நினைத்தேன். அடித்தளத்தில் இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்று. என் மேல் கட்டிலில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஈப்போவில் சலூன் வைத்திருப்பவர். மூன்றாம் நாள் எனக்கு ஊறுகாய் கொடுத்தார். "நாக்குல வச்சிக்கிட்டுப் படுங்க. முழுங்காதீங்க" என்றார். கொஞ்சம் தேவலையாயிற்று. சோறும் பருப்பும் கொடுத்தார்கள். பருப்பில் எண்ணெய் வாசனையா, கப்பல் வாசனையா தெரியவில்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாளும் அதேதான். ரோடு என்றால் மைல்கல் இருக்கும். இங்கே எவ்வளவு வந்தோம் என்பதே தெரியாது.

ஏழாம் நாள் காலையில் பினாங்கு. மழை பெய்துகொண்டிருந்தது. ரிக்ஷாவுக்கு மூன்று சக்கரம். ஆள் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுகிறவன் பின்னால் மிதிக்கிறான். மோதினால் முதலில் சாவது சவாரிக்காரன்தான். அதில்தான் கல்லூரிக்குப் போனேன். வாசலில் ஒரு தமிழ்க்காரர் காவல். கடைசிக் கடுதாசியின் உறையைக் காட்டினேன்.

"டாக்டர் மாசிலாமணியா? அவரு போயி மூணு வருசத்துக்கு மேல ஆச்சுங்களே. ஒப்பந்தம் முடிஞ்சிச்சு, மறுபடி கொடுக்கல."

"எங்க போனாருங்க?"

"யாருக்குத் தெரியும். பொட்டி எடுத்துக்கிட்டுப் போனாரு. அவ்வளவுதான்."

கடைத்தெருவுக்குத் திரும்பினேன். இரண்டு பக்கமும் சாயபுமார் கடைகள். தமிழ்தான் பேசுகிறார்கள். நம் தமிழ் இல்லை, தெற்கத்தித் தமிழ். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டீயை ஒரு முழம் உயரத்துக்கு இழுத்து ஆற்றினார்கள். நம் ஊரில் மாஸ்டர்கள் செய்வதுதான். இங்கே அதற்கென்று பேரே இருக்கிறது. சோற்றுக்கு மேல் நாலு குழம்பை ஒன்றாக ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்குப் பசி. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

கல்லாவில் இருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, எங்க பாவாவைத் தேடிகினு வந்திருக்கேன்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"பாவாவையா? எங்கேருந்து வர்றீக?"

"திருத்தணிங்க. மெட்ராஸ் பக்கம்."

"அம்புட்டுத் தூரத்துலேருந்தா. எந்தத் தர்காவுல இருக்காக?"

"அது தெரியாதுங்க. ரொம்பப் படிச்சவரு. அரபி எல்லாம் தெரியும்."

"தாடி வச்சிருப்பாகளா?"

"முன்ன இல்ல. இப்ப வச்சிருக்கலாம்."

"சோறு தண்ணி அதிகம் எடுக்க மாட்டாகளோ?"

"எப்பவுமே கம்மிதாங்க."

"கனவுல வந்தாகளா?"

"எங்க அக்காவுக்கு வருவாரு."

பெரியவர் தலையை ஆட்டினார். "அப்ப பாலிக் புலாவ்ல இருக்கவுகதான். சந்தேகமே இல்ல. காலையில முத பஸ்ஸைப் புடிங்க." சாப்பாட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். என் நெற்றியில் விபூதி இருந்தது. அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. படுக்க மேல்மாடியில் இடம் கொடுத்தார். வெளியூரில் மனிதர்கள் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் பஸ். பாலிக் புலாவ் தீவின் அந்தப் பக்கம். நடுவில் மலை. வளைவுக்கு வளைவு டிரைவர் மூன்றாம் கியரிலேயே ஏற்றினான். எனக்குக் கால் பரபரத்தது. பாதி மலையில் ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி கிளம்பியது. எல்லாரும் இறங்கினோம். டிரைவரும் கண்டக்டரும் மலாய்க்காரர்கள். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் என் துண்டைக் கிழித்துக் குழாயில் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். வண்டி கிளம்பியது. கண்டக்டர் என்னிடம் ஏதோ சொன்னான். பக்கத்தில் இருந்த தமிழ் அம்மாள் விளக்கினாள்: "நீ இந்த வண்டியிலேயே இருந்துடேன், வாரம் ஒரு துண்டு வாங்கித் தர்றேங்கறான்." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் சிரித்தது அங்கேதான்.

தர்கா சின்னது. ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவில் பச்சைச் சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டடம். உள்ளே பச்சைத் தலைப்பாகையோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். ஒரு கண் வெள்ளையாக இருந்தது. அவர் எங்கள் பாவா இல்லை.

வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர்தான் கூப்பிட்டார்.

"வா தம்பி. யாரு வேணும்?"

"எங்க பாவா வேணும்."

"நாந்தான் பாவா."

"இல்லீங்க. எங்க அக்கா புருசன்."

 கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். "தம்பி, நான் உங்க அக்காவக் கட்டலியே. நான் யாரையுமே கட்டலியே." அப்போதுதான் சொன்னார். அவர்களுக்குப் பாவா என்றால் வீடு வாசல் விட்ட பக்கீர். கும்பிடுகிற மனிதர். எங்கள் ஊரில் பாவா என்றால் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டியவர். ஒரு வார்த்தைக்காக மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"மாசிலாமணியா. நம்ம வக்கீல் வாத்தியாரு. இங்க வந்து உக்காந்து ரெண்டு நோட்டு எழுதிக்கிட்டுப் போனாரு. நான் சொன்னதை எல்லாம் எழுதினாரு. நான் சொல்லாம விட்டதையும் கேட்டாரு. அந்த மாதிரி கேக்கறவன் நம்ம ஆளுங்கள்லயே இல்ல." தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "எழுதி என்ன ஆச்சு. மிளகா மில்லுக்குப் பின்னாடி குடியிருக்காரு" என்றார்.

மில் எங்கே என்று கேட்டேன். நான் டீ குடித்த கடையிலிருந்து நாலாவது கட்டடம்.

மூன்றாம் நாள் காலை அங்கே போனேன். மில்லைத் தாண்டும்போதே தும்மல் வந்தது. பின்பக்கம் ஒரு அறை. கதவு திறந்திருந்தது. பாவா மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். முடி முக்கால்வாசி வெள்ளை. தாடி இருந்தது. தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. எதிரில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாவா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் பேசினாள். பாவா பதில் சொன்னார். நடுநடுவே என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். வகுப்பு எடுத்துப் பழகியவர், சும்மா இருக்க முடியவில்லை.

"இவ புருசன் சுமத்ராவுக்குப் போனான். திரும்பி வரல. உயிரோட கீறானா, இல்லியா, தெரியாது. அப்படிப்பட்ட பொம்பள எத்தினி வருசம் காத்திருக்கணும்னு சட்டத்துல கீது. ஒரு இமாம் அவன் வயசு ஆளுங்க எல்லாம் சாகறவரைக்கும்னாரு. இன்னொரு இமாம் நாலு வருசம் போதும்னாரு. இப்ப பல தேசத்துல நாலு வருசத்தத்தான் எடுத்துக்கினாங்க. என் ரெண்டாவது புத்தகம் பூரா இதான்."

அந்தப் பெண் ஏதோ கேட்டாள். பாவா சொன்னார்: "நாலு வருசம் முடிஞ்சி வேற ஒருத்தனக் கட்டிக்கினப்பறம் மொதப் புருசன் வந்து கதவத் தட்டினா இன்னா பண்றதுன்னு கேக்கறா."

"இன்னா பண்றது?"

"ஒவ்வொரு இமாம் ஒவ்வொண்ணு சொல்றாரு."

அதை அவளிடமும் சொல்லியிருப்பார் போல. அவள் சொன்ன பதிலுக்குப் பாவா சிரித்தார். "எனக்கு ஒரு இமாம் போதும்னு சொல்றா." கோர்ட்டுக்கு டைப் அடித்த மனுவை மடித்துக் கொடுத்தார். அவள் ஒரு தூக்கில் மீன் குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

"இன்னாத்துக்குடா வந்த, கன்னியப்பா?"

"அக்கா அனுப்பிச்சிது."

"நல்லா கீதா?"

"கீது."

அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். பேட்டைப் பவர்லூம்காரர் ஆள் விட்டது, நைனா சம்மதித்தது, அக்கா சொன்னது எல்லாம். கேட்டுக்கொண்டே முள்ளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார்.

"மதம் மாறிட்டீங்களா பாவா?"

"இல்ல. மாறியிருந்தா வேல போயிருக்காது." தண்ணீர் குடித்தார். "சட்டம் சொல்லிக்கொடுக்க ஈமான் உள்ளவன், அவங்க மார்க்கத்த நம்பறவன் வேணும்னு ஒரு கூட்டம். நியாயந்தான். அவங்க சட்டம். நான் ஒப்பந்தத்துல வந்த ஆளு. ஊருக்கு எழுதினேன். மெட்ராஸ், திருப்பதி, எல்லா எடமும் எழுதினேன். இந்தப் படிப்புக்கு நீ எதுக்குங்கறான். ஒருத்தன் பதிலும் போடல. எழுதின ரெண்டு நோட்டயும் கரையான் தின்னுது. இருபது வருசம் படிச்சதுல இப்ப மனுதான் எழுதறேன்."

"ஊருக்கு வாங்க. இன்னா வேலன்னாலும் பாத்துக்கலாம்."

"தறியில உக்காரவா? எனக்கு இழை கூட முடிபோட வராது. அந்தக் காலத்துலயே வராது."

"அப்ப எழுதிக் குடுங்க. வரலன்னு ஒரு வரி. அக்கா அது போதும்னு சொல்லுச்சு."

அவர் எழுதவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கடுதாசி ஏன் நிறுத்தினேன்னு நெனச்ச?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணிடம் சொன்ன நாலு வருஷம்.

"அக்காவ விடறதுக்கா?"

"ஆங். காணாம போயிட்டா போதும். வரலன்னு எழுதினா உங்கக்கா சரோஜா வுடாது. நீங்க வர்ற வரைக்கும் இருக்கேன்னு உக்காந்துக்கும். எனக்குத் தெரியும். ஆளு இல்லன்னா வுட்டுரும். நாலு வருசம் கழிஞ்சா பெரியவங்களே உக்காந்து பேசிடுவாங்கன்னு கணக்குப் போட்டேன்."

"அது அவங்க சட்டம் பாவா. நம்மளுது இல்லியே."

"நம்ம சட்டத்துல ஏழு. தெரியும். ஏழு ரொம்ப ஜாஸ்தின்னு நெனச்சேன்." ஜன்னலைப் பார்த்தார். "எந்தச் சட்டமா இருந்தாலும் ஒண்ணு உண்டு. நடுவுல ஒருத்தன் வந்து, ஆள உயிரோட பாத்தேன்னு சொல்லிட்டா, எண்ணினதெல்லாம் போச்சு. மறுபடி ஒண்ணுலேருந்து. நீ வந்துட்ட."

மில் சத்தம் நின்றது. சாப்பாட்டு நேரம்.

"பாக்கலன்னு சொல்லிடு" என்றார். "ஊர் பூரா தேடினேன், ஆளு இல்லன்னு சொல்லு. ஒரே ஒரு பொய். அதுக்கு உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அந்தத் தோள் எலும்பைப் பார்த்தேன். இந்த ஆளைக் கொண்டுபோய் ஊரில் விட்டால் ஒரு வருஷம் தாங்க மாட்டார். அக்கா இரண்டாம் தடவையும் தனியாகிவிடுவாள். பேட்டைக்காரரும் காத்திருக்க மாட்டார். சரி என்றேன்.

கப்பல் கிளம்ப நாலு நாள் இருந்தது. தினம் போனேன். அவர் டைப் அடிப்பார், நான் பெஞ்சில் இருப்பேன். ஒரு நாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கீழேயே நின்றுகொண்டு என்னை மட்டும் அனுப்பினார். நான் மேலே போய் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இறங்கிவிட்டேன். துறைமுகத்துக்கு அவர் வரவில்லை. யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார். யார் பார்க்கப் போகிறார்கள்.

திரும்பும்போது வாந்தி வரவில்லை. ஏழு நாளும் அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகினேன். ஊர் பூரா தேடினேன். கல்லூரியில் தெரியாதாம். ஆள் இல்லை.

வீட்டில் நைனாவும் பெரியவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அக்கா சமையல் கட்டு வாசலில் நின்றாள்.

"பாத்தியா?" என்றார் நைனா.

"இல்ல. ஊர் பூரா தேடினேன். ஆளு இல்ல."

நன்றாகத்தான் சொன்னேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உட்காரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேட்டைக்கு ஆள் போயிற்று. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். கரண்டியில் மாவை எடுத்துக்கொண்டே, சட்னி போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ரொம்ப எளச்சிட்டாரா?"

"ஆங்."

வாயில் தோசை இருந்தது. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

கல்லில் மாவு விழுந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. தோசையைத் தேய்த்தாள். எண்ணெய் விட்டாள். திருப்பிப் போட்டாள். எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"அக்கா, அவருதான் பாக்கலன்னு சொல்லச் சொன்னாரு. உனக்காகத்தான்."

"தெரியும்."

"அங்க ஒண்ணுமில்ல அவருக்கு. வரவும் மாட்டாரு. நீ பேட்டைக்காரரயே..."

"கீற மனுசன இல்லன்னு சொல்லிகினு எப்பிடிடா ஒருத்தன் வூட்டுக்குப் போறது?" அடுப்பை அணைத்தாள். "வெள்ளிக்கெழம யாரும் உக்கார வேணாம். நைனா கிட்ட நீயே சொல்லிடு. எனக்குச் சொல்ல வராது."

நைனா வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.